விளம்பரத்துக்குள் விழுந்த கோல்

அமெரிக்கர்களுக்கு ஏன் கால்பந்து பிடிப்பதில்லை என்று எங்காவது பேச்சு வந்தால், எனக்குத் திண்டுக்கல்லில் கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைத்துவிட்டு விசாவுக்காகக் காத்திருந்த ஒரு பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. திறந்தால் கிரிக்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் எதிரில் இருப்பவர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் துபாயில் ஒரு விளையாட்டுச் சேனலில் வேலை பார்த்தேன். எந்த விளம்பரம் எப்போது ஓட வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. மதுரையில் சொந்தக்காரர்களிடம் டிவியில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். லீவில் போகும்போதெல்லாம், எந்த ஆட்டக்காரருக்குக் கை கொடுத்தாய் என்று கேட்பார்கள். நான் கை கொடுத்ததெல்லாம் பற்பசைக் கம்பெனிக்காரர்களுக்கும் டயர் விற்பவர்களுக்கும்தான். அதைச் சொன்னால் அவர்கள் முகம் வாடிப்போகும் என்பதால் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் போட்டுக் கொடுக்கும் வரிசையை ஓட்டுபவன் அந்தப் பெண்ணின் கணவன். திண்டுக்கல்காரன், முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஒளிபரப்பு அறையில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு விரலைப் பட்டன் மேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பான். எங்கள் சேனலுக்குச் சோறு போட்டது கிரிக்கெட்தான். ஆறு பந்து முடிந்ததும் ஹெட்செட்டில் 'ஓவர்' என்று குரல் வரும். அந்த நொடியே விரல் இறங்கும், விளம்பரம் ஓடும். வருஷக்கணக்காக இதையே செய்து, அந்தச் சொல்லுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் மூளை என்று ஒன்று இருப்பதே தேவையில்லாமல் போயிருந்தது. அதுதான் அவனுடைய திறமை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் மனைவியை விட்டுவிட்டு வந்தவன். பிறந்த பெண்குழந்தையை ஒரே ஒரு லீவில்தான் பார்த்திருந்தான். அந்த வருஷம்தான் ஃபேமிலி விசா எடுக்கும் அளவுக்குச் சம்பளம் ஏறியது. ஷார்ஜாவில் ஒரு ஃபிளாட்டில் ஓர் அறையைப் பிடித்து, தொட்டில் வாங்கி, ஜன்னலுக்குத் திரை கூட மாட்டிவிட்டான். ஊரில் அவள் பள்ளிக்கூட டீச்சர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டைக் காலி செய்து, கேஸையும் ஒப்படைத்துவிட்டு, அம்மா வீட்டில் பெட்டியோடு இருந்தாள். நம்ம ஊர் மிக்ஸி பிளக் அங்கே சுவரில் மாட்டுமா என்று என் மனைவிக்கு ஃபோன் போட்டு விசாரித்தாள். மாட்டாது, ஆனால் அதற்கென்று ஒரு அடாப்டர் கடையில் கிடைக்கும் என்று சொன்னதும் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி என்று என் மனைவி சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாஸ் வந்து சேர்ந்தார். அவர் ஊரில் டிவி விளையாட்டுக்கு விளம்பரம் பிடிப்பதில் பெரிய கை. அபுதாபியிலும் சவுதியிலும் எண்ணெய்க் கம்பெனிகளில் இருக்கும் அமெரிக்கர்களை எங்கள் சேனலைப் பார்க்க வைக்கத்தான் அவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர். ஆபீஸ்பாய்க்குக் கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் கால்பந்து என்றால் வேப்பங்காய்.

அவருடைய முதல் குற்றச்சாட்டு, அந்த ஆட்டம் நிற்பதே இல்லை என்பது. முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓடினால் விளம்பரத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். அது வியாபாரியின் கேள்வி என்று நினைத்தேன். இன்னொரு நாள்தான் வேறு ஒன்றைச் சொன்னார். சின்ன வயதில் அவரும் அவருடைய அப்பாவும் பேஸ்பால் பார்ப்பார்களாம். அப்பா வாயைத் திறக்கிற ஆளே இல்லை. ஒரு பந்து வீசி அடுத்த பந்து வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களாம். பள்ளிக்கூடம், வேலை, அம்மாவின் வியாதி எல்லாமே அந்த இடைவெளியில்தான். ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் ஒரு தகப்பனும் மகனும் எப்போது பேசிக்கொள்வார்கள் என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் நானும் அவர் கட்சிதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்குக் கால்பந்து மூச்சு முட்டும். ஆறு பந்துக்கு ஒருமுறை காபி குடிக்கலாம், கணக்குப் போடலாம், நடுவரைத் திட்டலாம். இதில் எதற்கும் நேரமில்லை. இதை அவரிடம் சொன்னதும் குஷியாகிவிட்டார். ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சைபருக்குச் சைபர் என்று எழுந்து போவது மனிதன் செய்கிற காரியமா என்று மேஜையைத் தட்டினார். எங்கள் ஆட்டத்தில் அஞ்சு நாள் ஆடிவிட்டும் யாரும் ஜெயிக்காமல் எழுந்து போவோம் என்றேன். அப்புறம் கிரிக்கெட் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை.

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஒரு கஃப்டீரியா இருந்தது. காயல்பட்டினத்துக்காரர் நடத்தினார். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட, மதுரைக்காரனான நான் முதல் நாள் பறவையைத் தேடினேன். காயலில் கிரிக்கெட் மட்டையை விடக் கால்பந்துக்குத்தான் மவுசு. அவர் கடையில் சுவரின் உச்சியில் ஒரு டிவி எந்நேரமும் எங்கள் சேனலில் ஓடும். கால்பந்து என்றால் சத்தத்தைக் கூட்டுவார், கிரிக்கெட் என்றால் குறைத்துவிடுவார். திண்டுக்கல்காரன் டூட்டிக்கு ஏறும் முன் அங்கேதான் சுலைமானி என்கிற பால் விடாத டீயைக் குடிப்பான். இவனுக்குப் பெண்குழந்தை பிறந்த அன்று காக்கா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீயை இலவசமாகக் கொடுத்தார்.

ஒருமுறை பாஸைக் கீழே கூட்டிப்போயிருந்தேன். கால்பந்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். தான் வாரம் தவறாமல் ஊர் ஆட்டத்தை ரெக்கார்டு போட்டு, யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தபிறகும் ரசித்துப் பார்ப்பதாகவும், இந்த ஆட்டத்தை அப்படிப் பார்க்க ஆள் உண்டா என்றும் கேட்டார். நான் காக்காவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"கோல் உழுந்துருச்சுன்னு தெரிஞ்சிக்கிட்டுப் பாக்குறதுல என்ன தம்பி இருக்கு? உழுமா உழாதான்னு மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருக்கோம்ல, அந்த மூச்சுதான் கோலு. பொறவு போட்டுக் காட்டுறது வெறும் போட்டோ."

பாஸுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். எனக்கும் அது புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ரீப்ளே என்ற ஒன்று இல்லாவிட்டால் பாதி கிரிக்கெட்டே இல்லை என்று நினைக்கிறவன் நான்.

பிறகு பாஸ் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆட்டக்காரன் எவனாவது அடிபட்டு விழுந்தால் ஆட்டம் நிற்கிறது அல்லவா, அந்த இடத்தில் ஒரு சின்ன விளம்பரத்தைச் செருகிவிடலாம் என்றார். ஆபத்து, அவன் பாதி நேரம் நடிப்பான், சட்டென்று எழுந்து ஓடுவான் என்று நான் சொன்னேன். தானே ஒளிபரப்பு அறையில் உட்கார்ந்து உத்தரவு கொடுப்பதாகச் சொன்னார். என்ன சொல்லைக் கேட்டு விளம்பரத்தை விடுவது என்ற பேச்சு வந்தது. 'கோ' என்று வைக்கலாம் என்றார். அது ஹெட்செட்டில் 'கோல்' என்று விழும், வேண்டாம் என்றேன். கடைசியில் 'ரோல்' என்று முடிவானது. ஒரு குழியைக் கண்டுபிடித்து மூடிவிட்ட திருப்தியில் நானும் பாஸும் திண்டுக்கல்காரனும் டீ குடித்தோம்.

ஆட்டம் இரண்டு வளைகுடா நாட்டு அணிகளுக்கு நடுவில். அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்து தொடங்கியது. பாஸ் பின்னால் மைக்கோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். முதல் பாதியில் ஒருவன் விழுந்தான், 'ரோல்' என்றார், விளம்பரம் ஓடியது, திரும்பி வந்தபோது அவன் இன்னும் படுத்தே கிடந்தான். பாஸ் என் முதுகில் தட்டினார். ஒரு மனிதன் வலியில் புரள்வதைப் பார்த்து நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

இரண்டாவது பாதி முடியும் தறுவாயில் இன்னொருவன் விழுந்தான். பாஸ் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் எழுந்து நின்று புல்லைத் தட்டிவிட்டான். வேண்டாம், அது முடிந்துவிட்டது, விட்டுவிடு என்று சொல்வதற்காகப் பாஸ் தன் மொழியில் சாதாரணமாகச் சொன்னார். "ஃபர்கெட் இட், இட்ஸ் ஓவர்."

விரல் இறங்கிவிட்டது.

திரையில் ஒரு குழந்தை தவழ்ந்து வந்தது. டயப்பர் விளம்பரம். பாஸ் எழுந்து நின்று கத்தினார். திண்டுக்கல்காரன் எதையெல்லாமோ அமுக்கினான். விளம்பரத்தை நடுவில் வெட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புவதற்குள் மைதானமே எழுந்து நின்றுகொண்டிருந்தது. கோல் அடித்தவன் மேல் மற்றவர்கள் குவியலாகக் கிடந்தார்கள். ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான். உடனே ரீப்ளே வந்தது. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, மேலிருந்து, மெதுவாக என்று அடுத்தடுத்துக் காட்டினார்கள். அப்பாடா, எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டன.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ஓவர்னு சொன்னாருண்ணே," என்றான். "நான் காதால கேட்டேண்ணே."

ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கஃப்டீரியாவில் சாவு வீட்டுக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு நிலைமை. பாதிப்பேர் டீயைக் குடிக்காமலே போயிருந்தார்கள். காக்கா சமாவரின் பக்கத்தில் நின்று, அந்த விளம்பரத்தைப் போட்ட ஹமுக்குப் பயல் எவன், அவனையெல்லாம் முதல் ஃபிளைட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவனுக்குச் சுலைமானியை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். அவன்தான் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாஸ் என்னைக் கூப்பிட்டு, நன்றாக வேலை தெரிந்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டார். வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினேன். ஆறு பந்து, ஓவர், விளம்பரம். உங்கள் பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானதும் அணி மாறும்போது விளம்பரம் போடுகிறீர்களே, அதேதான். எங்கள் ஊரில் ஓவரின் முதல் பந்தையே விளம்பரம் விழுங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லைச் சொன்னது நான் அல்லவா என்றார். என் ஊராக இருந்தால் இந்தக் கோல் போனதை ஒருத்தரும் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்றார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பலகையில் நான் போட்ட படத்தை ஒருமுறை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார்.

எங்கள் எல்லோருடைய விசாவும் அந்த அரபு முதலாளியின் பெயரில்தான் இருந்தது. ஜெயித்தது அவருடைய அணி. வீட்டு மஜ்லிஸில் விருந்தாளிகளை உட்கார வைத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொந்தச் சேனலில், சொந்த அணி கோல் அடிக்கும்போது, விருந்தாளிகள் எல்லோரும் டயப்பர் கட்டிய குழந்தையைப் பார்த்திருக்கிறார்கள். எவரோ சிரித்திருக்கிறார்.

பாஸ் மத்தியானம் திரும்பி வந்தார். தவறு தன்னுடையது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அமெரிக்காக்காரரைக் கூட்டி வந்தது முதலாளியே, அவர்மேல் தப்பென்றால் அது தன் தப்பாகிவிடும் என்பதால் அது முதலாளி காதில் ஏறவில்லை. ஓவர் என்றால் என்ன என்று விளக்கப் போயிருக்கிறார். விளக்கும் இவருக்கும் கிரிக்கெட் தெரியாது, கேட்கும் அவருக்கும் தெரியாது. மூன்றாவது பந்திலேயே முதலாளி கையை உயர்த்தி, "கலாஸ்" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பாஸ் என்னைக் கேட்டார்.

ஓவர் என்றுதான் அர்த்தம் என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருப்பதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் கிடையாது.

விசா கேன்சல். அதோடு பேனும் அடித்துவிட்டார்கள். இனி கொஞ்ச காலத்துக்கு இந்த நாட்டில் வேறு எவரிடமும் வேலைக்குச் சேர முடியாது என்று பாஸ்போர்ட்டில் விழும் தடைக்கு வளைகுடாத் தமிழில் பேன் என்றுதான் பெயர். அவன் விசா போனால் அவளுக்கு விசா ஏது? ஷார்ஜா அறையில் ஜன்னல் திரையோரம் தொட்டில் அப்படியே இருந்தது. அதை விலைக்குக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்து காக்கா கடையை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். எங்கள் ஆபீசுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. டீத் தட்டு இல்லாமல் அவரைப் பார்க்க ஆள் இளைத்தது போலிருந்தது. "நம்ம கடையில வச்சுக்கிறேன் தம்பி, நானே விசா எடுக்குறேன்," என்றார். பேன் இருக்கிறது காக்கா என்றேன். தனக்குத் தெரிந்த ஒரு அரபியிடம் பேசிப் பார்க்கலாம் என்றார். பேசியும் பார்த்தார். இரண்டு நாள் கழித்து நானும் அவனும் கடைக்குப் போனபோது, எதுவும் நடக்கவில்லை என்று கண்ணாலேயே சொன்னார். அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றி அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் அதற்குள், டீ நல்லா இருக்கு காக்கா என்றான். டீயை அவன் இன்னும் வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை.

மனைவியிடம் அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தினமும் ஃபோன் கார்டைத் தேய்த்துத் தேய்த்து நம்பர் போட்டு, அடாப்டர் வாங்கிவிட்டேன், ஏசி ஓடுகிறது என்றே பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் என் காரில் உட்கார்ந்து, நீங்க சொல்லுங்கண்ணே என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான். பெரிய மனுஷன் சொன்னால் அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்றான். எனக்கே தைரியம் இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஆட்டம், விளம்பரம், கோல், முதலாளி, விசா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. கணக்கு டீச்சர் அவள். பிள்ளைகள் போட்ட கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அந்தக் கோலைத் திரும்பப் போட்டுக் காட்டலையாண்ணே?"

"காட்டுனாங்கம்மா. நாலஞ்சு தடவ காட்டுனாங்க."

"எல்லாரும் பாத்தாங்கல்ல?"

"பாத்தாங்கம்மா."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான?"

"ஆமாம்மா."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது, அழுகை ஃபோனுக்கு இன்னும் பக்கத்தில் கேட்டது. காக்கா சொன்ன மூச்சு என் ஞாபகத்துக்கு வந்தது. ரீப்ளேயில் திரும்பி வராதது அது மட்டும்தான். அவன் கார் கண்ணாடிக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதான் எல்லாரும் பாத்துட்டாங்களே," என்றாள். "அப்புறம் என்னண்ணே?"